மார்கழி மேகமும் ஐப்பசி மழையும்

புதுக்கோட்டைச் சீமைக்கு வற்றாத ஆறு கிடையாது. பழைய கோனாட்டையும் கானாட்டையும் பிரித்து ஓடும் தென்வெள்ளாறுகூட மழை பெய்தால்தான் ஆறு, மற்ற நாளில் மணல். வெள்ளாமை முழுக்கக் கண்மாயும் ஏந்தலும் பிடித்து வைக்கும் நீரை நம்பித்தான். நெல் விதைப்பதா, வரகு கேழ்வரகோடு நிறுத்திக்கொள்வதா என்று முடிவெடுக்க வானத்தைப் படித்தாக வேண்டியிருந்தது.

எறும்பு முட்டையோடு மேடேறுவதும், தும்பி தாழப் பறப்பதும் இன்றோ நாளையோ வரும் மழைக்கான குறிகள். மணமேல்குடிக் கடற்கரையில் வாடை, கொண்டல், சோழகம், கச்சான் என்று காற்றின் திசைக்கே பெயர் வைத்துப் படகை இறக்கினார்கள்.

ஆண்டுக் கணக்குக்கு வேறு வழி இருந்தது: கர்ப்போட்டம். மார்கழியின் நடுவில் சூரியன் பூராடத்தில் நிற்கும் பதினான்கு நாள் அளவில் மேகம் கருக்கொள்கிறது என்பது நம்பிக்கை. அந்த நாட்களில் மேகம் எப்படி ஓடுகிறது என்று பார்ப்பார்கள். ஒவ்வொரு நாளும் அடுத்த மழைக்காலத்தின் ஒரு பகுதிக்கு அடையாளம். அப்போதே பெருமழை கொட்டிவிட்டால் கரு கலைந்தது என்பார்கள்.

வறட்சிக் குறிகள் இன்னும் பழையவை. சனி புகைந்தாலும், வால்மீன் தோன்றினாலும், வெள்ளி தெற்கே நகர்ந்தாலும் பாரியின் நாடு வளம் குன்றாது என்று புறநானூற்றில் கபிலர் பாடுகிறார். பாரி ஆண்ட பறம்புமலை எனக் கருதப்படும் பிரான்மலை பொன்னமராவதிக்குப் பக்கத்தில்தான், சிவகங்கை எல்லைக்குள் இருக்கிறது.

கர்ப்போட்டம் பலிக்குமா? ஆறாம் நூற்றாண்டு வானியலாளர் வராகமிகிரர் கருக்கொண்ட மேகம் 195 நாளில் பொழியும் என்றார். மார்கழி நடுவிலிருந்து எண்ணினால் ஆனி முடிவு வருகிறது. அது தென்மேற்குப் பருவமழைக்குப் பொருந்தும். இங்கே பெருமழை ஐப்பசி, கார்த்திகையில். வடக்கத்திக் கணக்கை அப்படியே எடுத்தால் நம் மண்ணுக்கு ஒத்துவராது.

2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் ஆலங்குடி, கீரமங்கலம் பக்கத்துத் தென்னந்தோப்புகளைச் சாய்த்தது. அது வருவதை நாட்கணக்கில் முன்னதாகச் சொன்னது 1875-இல் தொடங்கிய வானிலை ஆய்வுத் துறை. உயிர் காக்க அந்த அறிவிப்பைத்தான் நம்ப வேண்டும்.

ஆனாலும் கர்ப்போட்டத்தைச் சோதிக்காமலே தள்ளிவிடுவது நியாயமில்லை. வரும் மார்கழியில் ஊர்ப் பெரியவர் சொல்லும் மேகக் குறிகளை நாள்வாரியாக ஒரு நோட்டில் எழுதுங்கள். ஐப்பசியில் மழைமானி காட்டும் அளவை எதிர்ப்பக்கத்தில் குறியுங்கள். பத்து வருஷம் விடாமல் எழுதுங்கள்.