தாஹோ ஏரியின் கூடைகள்

சந்திப்பு மலருக்குக் கட்டுரை கேட்டதும், இவன் கான்கிரீட் பற்றித்தான் எழுதுவான் என்று என் பேட்ச் நண்பர்கள் முடிவு கட்டியிருப்பார்கள். 'என்னப்பா, சிவில் படிச்சவன் கூடை பின்னக் கிளம்பிட்டான்'னு நினைக்காதீங்க. நம் தொழிலுக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டு.

அமெரிக்காவில் கலிபோர்னியாவும் நெவாடாவும் சந்திக்கும் மலையில், சுமார் 6,200 அடி உயரத்தில் இருக்கிறது தாஹோ ஏரி. வாஷோ பழங்குடியினர் கோடைதோறும் இதன் கரையில் தங்கி மீன் பிடித்தார்கள். தாஹோ என்ற பெயரே அவர்கள் மொழிச் சொல்லிலிருந்து வந்ததுதான்.

1859-ல் ஏரிக்குக் கிழக்கே காம்ஸ்டாக் வெள்ளிச் சுரங்கம் வந்தது. பாறை உதிர்ந்து சுரங்கம் சரிந்தது. 1860-ல் பிலிப் டைடஷைமர் என்ற பொறியாளர் கனமான மரச்சட்டங்களைப் பெட்டி பெட்டியாகக் கோத்துத் தாங்கவைக்கும் முறையைக் கண்டுபிடித்தார். அருமையான டிசைன்! ஆனால் அத்தனை மரத்துக்கு எங்கே போவது? தாஹோ காடுகளை வெட்டினார்கள். காடும் நிலமும் கைவிட்டுப் போக, வாஷோ மக்கள் ஊருக்குள் கூலிகளானார்கள்.

அப்படித் துணி வெளுத்துப் பிழைத்தவர்களில் ஒருவர் லூயிசா கீசர். தாத் சோ லா லீ என்ற பெயரில் புகழ்பெற்றவர். 1895 வாக்கில் கார்சன் சிட்டி துணிக்கடைக்காரர் ஏப் கோன் அவருடைய கூடைகளைக் கண்டு அசந்துபோனார். சோறும் தங்க இடமும் கொடுத்துப் பின்னச் சொன்னார்.

வில்லோ குச்சியைச் சுருளாக வளைத்து, அதே மரத்தை நூல்போலக் கிழித்துத் தைப்பது அவர் முறை. சிவப்புக்கு ரெட்பட் செடி, கறுப்புக்குப் பெரணி வேர். ஒரு கூடைக்கு மாதக்கணக்கில் உழைப்பார். அடி சிறுத்து, நடுவில் உருண்டு, வாய் மறுபடி சிறுக்கும் அந்த வடிவத்தில் கோணல் என்பதே கிடையாது. டிராயிங் போர்டு இல்லை, காம்பஸ் இல்லை. கண்ணும் கையும்தான்!

கோனும் மனைவி ஏமியும் ஒவ்வொரு கூடைக்கும் சான்றிதழ் எழுதினார்கள். அவர் ஓர் இளவரசி, இது பழங்காலச் சடங்குக் கூடை என்றெல்லாம் கதை கட்டினார்கள். கதையால் விலை ஏறியது. கலை வரலாற்றாளர் மார்வின் கோஹோடாஸ் பின்னாளில் ஆராய்ந்து, அந்த வடிவம் பழஞ்சடங்கு அல்ல, லூயிசாவே உருவாக்கிய புதுமை என்று காட்டினார். அதாவது, பொய்ப் பெருமையைக் கொடுத்து, நிஜப் பெருமையைப் பறித்துவிட்டார்கள்.

அவர் 1925-ல் இறந்தார். 1945-ல் நெவாடா மாநிலம் அவருடைய 20 கூடைகளை 1,500 டாலருக்கு வாங்கியது. கார்சன் சிட்டியில் உள்ள மாநில அருங்காட்சியகத்தில் அவர் கூடைகள் இருக்கின்றன. 1904-05-ல் பின்னிய 'பீக்கன் லைட்ஸ்' என்ற புகழ்பெற்ற கூடை நியூயார்க் மாநிலத்தின் ஃபெனிமோர் அருங்காட்சியகத்தில் உள்ளது.

ஜூனியர் தம்பி, தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. மியூசியத்துக்குப் போனால் பொருளை முதலில் பாருங்கள், அட்டையை அப்புறம் படியுங்கள். அதை எழுதியவர் யார் என்றும் கேளுங்கள். நாளைக்கு நீங்கள் டிசைன் போடும்போது, கணக்கு சரியா என்பதோடு, மரம் யார் காட்டிலிருந்து வருகிறது என்றும் ஒரு கேள்வி கேட்டுவிடுங்கள். டைடஷைமரின் கணக்கில் பிழையில்லை. அந்தக் கேள்விக்குத்தான் அதில் இடமில்லை.