வடக்கன்குளம் திருக்குடும்ப ஆலயம்

நெல்லை மாவட்டத்தின் தென்கோடியில், குமரி மலைகள் கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் இருக்கிறது வடக்கன்குளம். தூத்துக்குடி மறைமாவட்டத்தின் பழம்பெரும் பங்குகளில் ஒன்று. 17-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே இயேசு சபைக் குருக்கள் இங்கே இறைமக்களைத் திரட்டியிருந்தார்கள். ஆனால் இவ்வூரின் பெயர் உலகத் திருச்சபை வரலாற்றில் பதிந்தது 1745-ஆம் ஆண்டில்தான்.

திருவிதாங்கூர் அரசில் பணியாற்றிய நீலகண்ட பிள்ளை, டச்சுத் தளபதி டிலனாயிடம் யோபுவின் கதையைக் கேட்டு மனம் மாறினார். திருமுழுக்குப் பெற அவர் தேடி வந்தது வடக்கன்குளத்தை. 1745 மே 14 அன்று அருள்தந்தை புத்தாரி அவருக்குத் திருமுழுக்கு அளித்து, லாசர் என்பதன் தமிழாக்கமாகிய தேவசகாயம் என்ற பெயரைச் சூட்டினார். அவர் துணைவி பார்கவியும் பின்னர் ஞானப்பூ என்ற பெயரில் திருமுழுக்குப் பெற்றார். தாழ்ந்தவர் என்று ஒதுக்கப்பட்டவர்களோடு சமமாகப் பழகியதும் தேவசகாயம்மீது சிலர் பகை கொள்ள ஒரு காரணம். 1749-இல் சிறைப்பட்ட அவர், 1752 சனவரி 14 அன்று ஆரல்வாய்மொழி அருகே காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். உடல் கோட்டாறு புனித சவேரியார் ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்டது. கணவரை இழந்த ஞானப்பூ அம்மாள் வடக்கன்குளத்திலேயே வாழ்ந்து மறைந்தார். அவர் கல்லறையும் இங்கேதான்.

1773-இல் இயேசு சபை கலைக்கப்பட்டது. மதுரை மறைப்பணிக்கு அச்சபைக் குருக்கள் மீண்டும் வர 60 ஆண்டுகளுக்கு மேலாயிற்று.

இனிச் சொல்ல வேண்டியது சற்றுக் கசப்பானது. பங்கு வரலாறுகளில் பலர் இதைத் தாண்டிச் சென்றுவிடுகிறார்கள். தாண்டக் கூடாது என்பது நம் எண்ணம். 1872-இல் எழுந்த புதிய ஆலயம் இரண்டு நீண்ட கூடங்களைக் கொண்டது. ஒன்றில் வெள்ளாளர், முதலியார் முதலியோர். மற்றதில் நாடார் உள்ளிட்டோர். பீடத்தருகே மட்டும் இரண்டும் கூடும். கால்சட்டை வடிவக் கோவில் என்ற பெயர் இதனால் வந்ததுதான். பீடம் ஒன்று, பலி ஒன்று, நற்கருணை ஒன்று. ஆனால் பக்கத்துக் கூடத்தில் முழந்தாளிட்டிருப்பவரின் முகம் தெரியாது! சாதிச் சண்டையில் மக்கள் கோவிலை விட்டே போய்விடுவார்களோ என்ற அச்சம் குருக்களுக்கு இருந்திருக்கலாம். எனினும் தேவசகாயம் திருமுழுக்குப் பெற்ற ஊரில், 127 ஆண்டுகள் கழித்து, இப்படியொரு கோவில்!

பிரிவினையைத் துணிந்து அகற்றியவர் பிரெஞ்சு இயேசு சபைத் துறவி கௌசானல் அடிகளார். 1910-இல் அவர் காலத்தில் தடுப்பு இடிக்கப்பட்டது. உயர்சாதியினர் என்று தம்மைக் கருதியோர் கொதித்தெழுந்தனர். தனி இடம் எங்கள் உரிமை என்று வழக்குத் தொடுத்தனர். வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை சென்றது. ஒரே மறையைத் தழுவியவர்கள், பிறர் அருகில் வந்தால் தீட்டு என்று சொல்லிச் சட்டத்தின் துணையைக் கேட்க முடியாது என்ற நிலையில், 1916-இல் அவர்கள் தோற்றார்கள். கோவிலின் தடுப்பு போனது. ஊருக்குள் இருந்த தடுப்புகள் அத்தனை எளிதில் போய்விடவில்லை.

தேவசகாயம் 2012 டிசம்பர் 2 அன்று நாகர்கோவிலில் முத்திப்பேறு பெற்றவராகவும், 2022 மே 15 அன்று உரோமையில் திருத்தந்தை பிரான்சிசால் புனிதராகவும் அறிவிக்கப்பட்டார். இந்தியப் பொதுநிலையினரில் முதல் புனிதர் அவர். பீடத்தில் அன்று வாசிக்கப்பட்ட அவர் பெயரோடு 'பிள்ளை' என்ற சாதிப் பட்டம் சேர்க்கப்படவில்லை.