7 தூண்களும் 69 தூண்களும்

பெங்களூரு நெடுஞ்சாலையில் இருங்காட்டுக்கோட்டை கார் தொழிற்சாலையைத் தாண்டினால் ஸ்ரீபெரும்புதூர். அங்கே ராஜீவ் காந்தி நினைவிடம் இருக்கு. கம்பெனி பஸ்ஸில் ஷிப்டுக்குப் போகிற பிள்ளைகளில் நிறைய பேர் 1991-க்கு அப்புறம் பிறந்தவர்கள். அந்த இடம் அவர்களுக்கு என்ன சொல்லித் தருது? இன்னைக்கு அதைத்தான் பேசப் போறேன்.

1991 மே 21, இரவு 10 மணிக்கு மேல், தேர்தல் பிரசாரக் கூட்டம். விடுதலைப் புலிகளின் தணு என்ற பெண் மாலையோடு வந்து, காலைத் தொடுவதுபோலக் குனிந்து, உடம்பில் கட்டியிருந்த குண்டை வெடிக்க வைத்தார்.

2003-ல் அப்துல் கலாம் திறந்து வைத்த நினைவிடத்தில் 7 தூண்கள். தர்மம், சத்தியம், நியாயம், விஞ்ஞானம், தியாகம், சாந்தி, செழிப்பு. எல்லாமே பெரிய வார்த்தைகள்தான். ஆனால் வார்த்தையை மட்டும் பார்த்து யாரும் வன்முறையைப் புரிஞ்சுக்க முடியாது.

நார்வேயில் உட்டோயா தீவைப் பாருங்க. 2011 ஜூலை 22-ல் அங்கே இளைஞர் முகாமில் 69 பேர் கொல்லப்பட்டார்கள். அந்தக் கட்டடத்தைச் சுற்றி இன்று ஒரு கற்றல் மையம். கூரையைத் தாங்குவது 69 தூண்கள். வெளியே 495 மரக்கம்பங்கள், உயிர் தப்பியவர்களுக்காக. பள்ளிப் பிள்ளைகள் அங்கே வந்து ஜனநாயகம் பற்றி விவாதிக்கிறார்கள். ஒவ்வொரு தூணும் ஒரு ஆள்.

நம்ம கதையிலும் ஆட்கள் இருக்காங்க. ராஜீவுக்காக இந்திக் கவிதை படிக்க வந்த சிறுமி, பாதுகாப்புக்கு நின்ற போலீஸ்காரர்கள் எல்லாம் அங்கேயே இறந்தார்கள். படுகாயத்தோடு பிழைத்த பெண் சப்-இன்ஸ்பெக்டர் ஒருவர் மறுபடியும் காக்கி போட்டு வேலைக்குப் போனார். மீண்டு வருவதுன்னா என்னன்னு அவர் வாழ்க்கை சொல்லும்.

கேள்விகளும் இருக்கு. 1987 முதல் 1990 வரை இலங்கையில் இந்திய அமைதிப்படை என்ன செய்தது? அதைச் சொல்லாமல் இந்தக் கொலையின் காரணம் புரியாது. காரணத்தைச் சொல்வது கொலையை நியாயப்படுத்துவது ஆகாது. 'நியாயம்' என்ற தூண் முன்னால் நின்று இதையும் கேட்கலாம்: 1998-ல் 26 பேருக்கு மரண தண்டனை, 1999-ல் உச்ச நீதிமன்றம் 19 பேரை விடுவித்தது, மிச்சம் 7 பேர் 2022-ல் வெளியே வந்தார்கள். இதில் எது நியாயம்? செத்தவர்களின் வீட்டில் ஒரு பதில் வரும், சிறைக்குப் போனவர்களின் வீட்டில் வேற பதில் வரும்.

ஆண்டுதோறும் மே 21-ல் பயங்கரவாத எதிர்ப்பு உறுதிமொழி எடுக்கிறோம். அது 1 நிமிஷ வேலை. அந்த 2 வீட்டுப் பதிலையும் உட்கார்ந்து கேட்க 1 மணி நேரமாவது ஆகும். நம்ம பிள்ளைகளுக்கு அந்த 1 மணி நேரத்தைக் கொடுக்கணும்னு நினைக்கிறேன். அடுத்த அத்தியாயத்தில் சந்திப்போம்.