தாடி வைத்த பெண்களின் நீரிழிவு

1921ஆம் ஆண்டை மருத்துவ வரலாறு இன்சுலினின் ஆண்டாகக் கொண்டாடுகிறது. டொராண்டோவில் பான்டிங்கும் பெஸ்ட்டும் கணையத்திலிருந்து அதைப் பிரித்தெடுத்தார்கள். அதே ஆண்டில் பாரிசில் ஆஷார், தியேர் என்ற இரு மருத்துவர்கள், முகத்தில் முடி வளர்ந்து சர்க்கரையும் கண்ட பெண்களைப் பற்றி எழுதினார்கள். அதற்கு அவர்கள் வைத்த பெயர் ‘தாடி வைத்த பெண்களின் நீரிழிவு’. காரைக்கால் அப்போது பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது, 1954 வரைக்கும். காரைக்கால்காரி நான், அந்தப் பெயரைச் சும்மா தாண்டிப் போக முடியவில்லை.

நோய் ரத்தத்தில், பெயரோ முகத்தில். பெண்மையின் வரம்பை மீறிய உடல்தான் மருத்துவப் பார்வையில் முதலில் பட்டது. 1935இல் சிகாகோவில் ஸ்டெயினும் லெவென்தாலும் ஏழு பெண்களை வைத்துச் சினைப்பை நீர்க்கட்டியை விவரித்தபோது மாதவிலக்கும் பிள்ளைப்பேறும் முன்னுக்கு வந்தன. சர்க்கரை அந்தப் பேச்சிலேயே இல்லை. இப்பெண்களின் ரத்தத்தில் இன்சுலின் மிகுந்திருப்பதையும் ஆண்ட்ரோஜனோடு சேர்ந்தே அது உயர்வதையும் பர்கென் குழுவினர் காட்டியது 1980இல். ஏறக்குறைய அறுபது வருஷம்!

நடப்பது என்ன? தசை இன்சுலினின் சொல்லைக் கேட்க மறுக்கிறது. கணையம் இன்னும் அதிகமாகச் சுரக்கிறது. சினைப்பையோ மறுப்பதில்லை, அந்த மிகுதிக்கு ஏற்ப ஆண்ட்ரோஜனைக் கூட்டுகிறது. ஆண்ட்ரோஜனைப் பிடித்துவைக்கும் புரதத்தைக் கல்லீரல் குறைத்துவிடுகிறது. கூடிய ஆண்ட்ரோஜன் மறுபடி இன்சுலின் எதிர்ப்பை வளர்க்கிறது. இதற்கு மாறாக ஈஸ்ட்ரோஜன் பொதுவில் இன்சுலினுக்குத் துணை, மாதவிலக்கு நிற்கும்வரை. கர்ப்பத்திலோ நஞ்சுக்கொடியின் ஹார்மோன்களே தாயின் இன்சுலினை எதிர்க்கின்றன, சிசுவுக்குச் சர்க்கரை போய்ச்சேர. ‘பெண் ஹார்மோன்’ என்று ஒருமையில் பேசுவதே பிசகு.

எங்க ஊரில் ஆனிப் பௌர்ணமிக்கு மாங்கனி இறைப்பார்கள். கணவன் விட்டுப் போன பிறகு தசையை உதறிப் பேயுரு வேண்டினாள் அம்மை என்கிறது பெரியபுராணம். பேய் என்பது அவள் தனக்குத்தானே எடுத்துக்கொண்ட பெயர். தாடி, பாரிசில் பிறர் சூட்டியது. இந்த வித்தியாசத்தை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

‘கல்யாணம் ஆனா எல்லாம் சரியாப் போயிடும்’ என்று நீர்க்கட்டி வந்த பெண்பிள்ளைகளிடம் இன்னும் சொல்கிறார்கள். பிள்ளை வேண்டும் என்கிறபோதுதான் அவள் உடம்பு மறுபடி மருத்துவத்தின் கண்ணில் படுகிறது. 2023இன் சர்வதேச வழிகாட்டுநெறியோ, வயது, எடை எதுவானாலும் நீர்க்கட்டி கண்டவுடனேயே சர்க்கரையைப் பரிசோதிக்கச் சொல்கிறது: 75 கிராம் குளுக்கோஸ் குடித்து, இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம். நான் பார்த்த சீட்டுகளில் மாதவிலக்கு மாத்திரை இருந்தது. ‘எடையைக் குறை’ என்று இருந்தது. அந்தப் பரிசோதனை இல்லை.