ஐஸ்லாந்துத் தடுப்பு முறை

பதின்ம வயதினர் மது, புகையிலை, கஞ்சா ஆகியவற்றின் பக்கம் போகாமலிருக்க 1990களின் இறுதியில் ஐஸ்லாந்தில் உருவான சமூக ஏற்பாடு ஐஸ்லாந்துத் தடுப்பு முறை எனப்படுகிறது. பிள்ளைக்குப் புத்தி சொல்வதைவிட அவன் வளரும் சூழலை மாற்றுவதே இதன் வழி. இதில் பெரும்பங்கு பெற்றோருடையது.

1990களில் வெள்ளிக்கிழமை இரவானால் தலைநகர் ரெய்க்யவிக்கின் நடுத்தெருக்களில் குடித்துத் தள்ளாடும் சிறுவர் கூட்டத்தைக் காணலாம். 1998 கணக்கெடுப்பில், 15, 16 வயது மாணவரில் 42 விழுக்காட்டினர் முந்தைய ஒரு மாதத்துக்குள் போதை ஏறக் குடித்ததாகச் சொன்னார்கள்; 23 விழுக்காட்டினர் அன்றாடம் புகைத்தனர். போதையின் கேடுகளை விளக்கும் வகுப்புகள் பள்ளிகளில் நடக்காமலில்லை. பலன்தான் இல்லை.

கணக்கெடுப்பில் மாணவர்கள் எழுதித் தந்த விடைகளிலேயே மாற்று வழியும் இருந்தது. குடிக்காத பிள்ளைகள் யார் என்று பார்த்தபோது, வாரத்தில் மூன்று நான்கு நாள் விளையாட்டு, இசை போன்ற முறையான பயிற்சிக்குப் போனவர்கள், பெற்றோருடன் அதிக நேரம் இருந்தவர்கள், இரவில் வெளியே சுற்றாதவர்கள் என்று தெரிந்தது. சமூகவியலாளர் இங்கா டோரா சிக்ஃபுஸ்டோட்டிர், அமெரிக்க உளவியலாளர் ஹார்வி மில்க்மன் போன்றோர் இதை வைத்துத் திட்டம் வகுத்தனர்.

பெற்றோருக்கு முதலில் சொல்லப்பட்டது நேரத்தைப் பற்றி. எப்போதோ ஒருநாள் சிறப்பாகக் கூடியிருப்பது போதாது. சாதாரண நாளில், சாதாரணமாக, நிறைய நேரம் வீட்டில் கூட இருக்க வேண்டும். வேலைக்குப் போகும் பெற்றோருக்கு இது எளிய கோரிக்கை அல்ல. அடுத்தது உடன்படிக்கை. ஒரே வகுப்புப் பிள்ளைகளின் பெற்றோர் கூடிப் பேசி, வயது வராதவர்களுக்கு மது வாங்கித் தருவதில்லை, பெரியவர் இல்லாத வீட்டில் விருந்துக்கு விடுவதில்லை, அடுத்த வீட்டுப் பிள்ளையையும் கவனிப்பது என்று கையெழுத்திட்டனர். “எல்லார் வீட்டிலும் விடுகிறார்கள், நீங்கள் மட்டும்தான்...” என்ற வாதத்துக்கு வேலையில்லாமல் போயிற்று. எந்த ஊர்ப் பெற்றோரும் தோற்றுப்போகும் வாதம் அது. வார இறுதி இரவுகளில் பெற்றோர் குழுவாகத் தெருக்களில் நடந்து வருவதும் வழக்கமாயிற்று.

சட்டமும் துணை நின்றது. 13 முதல் 16 வயதுள்ளோர் குளிர்காலத்தில் இரவு 10 மணிக்கு மேலும், கோடையில் நள்ளிரவுக்கு மேலும் தனியே வெளியில் இருக்கக் கூடாது. (அங்கே கோடை நள்ளிரவிலும் வெளிச்சம் இருக்கும், இருட்டுமுன் வந்துவிடு என்று சொல்லிப் பயனில்லை.) இந்த நேர அட்டவணை, குளிர்பதனப் பெட்டியில் ஒட்டிவைக்கும் காந்த அட்டையாக வீடுகளுக்கு வந்தது. மது வாங்கும் வயது 20, புகையிலைக்கு 18. பிள்ளைகளின் பயிற்சிக் கட்டணத்துக்கு ரெய்க்யவிக் நகராட்சி ஆண்டுதோறும் உதவித்தொகை தருகிறது.

2016இல், ஒரு மாதத்துக்குள் போதை ஏறக் குடித்தோர் 42 விழுக்காட்டிலிருந்து 5 ஆகவும், அன்றாடம் புகைப்போர் 23இலிருந்து 3 ஆகவும் குறைந்தனர். இந்தச் சரிவு முழுவதையும் இம்முறையின் கணக்கில் எழுத முடியாது. அதே காலத்தில் ஐரோப்பாவின் பல நாடுகளிலும் பதின்ம வயதினரின் குடிப்பழக்கம் குறைந்தது. நான்கு லட்சத்தை எட்டாத மக்கள்தொகை கொண்ட நாட்டில் கைகூடியது பெருநாடுகளுக்குப் பொருந்துமா என்ற ஐயமும் உண்டு. ஆயினும் சிலி உள்ளிட்ட பல நாடுகளின் நகரங்கள் இதைப் பின்பற்றத் தொடங்கின. ஐஸ்லாந்தில் கணக்கெடுப்பு இன்றும் தொடர்கிறது. முடிவுகள் அந்தந்தப் பள்ளிக்குத் தனித்தனியே அனுப்பப்படுவதால், பெற்றோர் பார்ப்பது தம் பிள்ளை படிக்கும் பள்ளியின் எண்ணிக்கையை.