மருத்துவ ஆய்வு அறிவிப்பு மின்னஞ்சல்

மருத்துவ ஆய்வு அறிவிப்பு என்பது வாசகர் ஒருமுறை பதிந்துவைத்த தேடலைத் தரவுத்தளம் குறித்த இடைவெளியில் தானே மறுபடி இயக்கி, இடையில் சேர்ந்த கட்டுரைகளை மட்டும் மின்னஞ்சலில் அனுப்பும் ஏற்பாடு. அமெரிக்கத் தேசிய மருத்துவ நூலகத்தின் பப்மெட் தளம் தரும் இலவச அறிவிப்பு இவற்றுள் முதன்மையானது.

இதன் வேர் அச்சுக் காலத்தில் இருக்கிறது. பின்னாளில் தேசிய மருத்துவ நூலகமாக மாறிய அமெரிக்கப் படை மருத்துவத் தலைவரின் நூலகத்தை வளர்த்தெடுத்த ஜான் ஷா பில்லிங்ஸ், 1879இல் இன்டெக்ஸ் மெடிக்கஸ் என்ற மாதப் பட்டியலைத் தொடங்கினார். பல நாட்டு மருத்துவ இதழ்களின் கட்டுரைகள் அதில் பொருள்வாரியாக அடுக்கப்பட்டன. அரிய உழைப்புதான், ஆனாலும் தனக்கு வேண்டியதை மாதந்தோறும் வாசகரே புரட்டிக் கண்டெடுக்க வேண்டியிருந்தது. இந்த நிலையை மாற்றும் எண்ணம் ஐபிஎம் பொறியாளர் ஹான்ஸ் பீட்டர் லூனுடையது. ஒவ்வொருவருடைய நாட்டத்தையும் சொற்தொகுதியாகப் பதிந்துகொண்டு, புதிய ஆவணங்களின் சொற்களோடு கணினி ஒப்பிட்டு, பொருந்துபவற்றை உரியவருக்குத் தெரிவிக்கும் முறையை 1958இல் வெளியான கட்டுரையில் அவர் விவரித்தார். எவற்றை வாசகர் ஏற்றார் என்பதைக் கொண்டு அவருடைய பதிவைப் புதுப்பிப்பதும் அத்திட்டத்தில் இருந்தது. இன்றைய அறிவிப்புகள் அனைத்துக்கும் மூலம் இதுவே.

தேசிய மருத்துவ நூலகம் 1960இல் மெஷ் என்னும் பொருள்தலைப்புத் தொகுதியை வெளியிட்டது. 1964இல் மெட்லார்ஸ் கணினி அமைப்பு இயங்கத் தொடங்கியதும், துறைவாரியான தொடர் பட்டியல்களும் அச்சாயின. 1971இல் அந்நூலகத்தின் மெட்லைன் தரவுத்தளம் தொலைபேசி இணைப்பு வழியே தேடலைத் திறந்தது. 1997இல் பப்மெட் பொதுமக்களுக்கு இலவசமானது. மின்னஞ்சல் அறிவிப்பு 2005இல் வந்த, பப்மெட் பயனருக்கான மை என்சிபிஐ கணக்கோடு வேரூன்றியது.

அறிவிப்பை அமைக்க என்சிபிஐ கணக்கில் நுழைந்து தேட வேண்டும். தேடல் பெட்டியின் கீழுள்ள ‘கிரியேட் அலர்ட்’ என்ற இணைப்பை அழுத்தி, தேடலுக்குப் பெயரிட்டு, நாள், வாரம், மாதம் என்ற இடைவெளிகளில் ஒன்றையும், சுருக்கக் குறிப்பு வேண்டுமா ஆய்வுச் சுருக்கம் வேண்டுமா என்பதையும் தேர்ந்து சேமித்தால் போதும். மருத்துவப் பணியில் இருப்போருக்கு வாரம் ஒருமுறை ஏற்றது; நாள்தோறும் குவியும் அஞ்சல் விரைவில் படிக்கப்படாமல் போகும்.

அறிவிப்பின் பயன் தேடல் சொற்களைப் பொறுத்தது. மாரடைப்பைப் பற்றிய கட்டுரைகள் ஆசிரியர்களால் எப்பெயரில் எழுதப்பட்டாலும் மெஷ் அவற்றை ‘மயோகார்டியல் இன்ஃபார்க்ஷன்’ என்ற ஒரே தலைப்பில் சேர்க்கிறது. இருப்பினும் தலைப்பை மட்டும் நம்பும் அறிவிப்பு குறையுள்ளது. மெட்லைனில் இடம்பெறாத இதழ்களின் கட்டுரைகளுக்கும் முன்பதிப்புகளுக்கும் மெஷ் தலைப்பு இடப்படுவதில்லை. அதனால் அவை வாசகரை எட்டாமலே தவறிவிடும். மெஷ் தலைப்பையும், கட்டுரைத் தலைப்பிலும் சுருக்கத்திலும் வரக்கூடிய வழக்குச் சொற்களையும் ‘ஆர்’ என்ற இணைப்புச் சொல்லால் கோத்துத் தேடுவதே சரியான முறை. மனிதரில் நடந்த ஆய்வு என்ற வடிகட்டியும் மெஷ் தலைப்பையே சார்ந்தது என்பதால் அறிவிப்பில் அதைத் தவிர்ப்பது நல்லது. சீரற்ற ஒப்பீட்டுச் சோதனைகள் மட்டும் போதும் என்போர் அதற்குரிய சொற்களையும் சேர்த்துக்கொள்ளலாம்.

கூகுள் ஸ்காலரும் பல மருத்துவ இதழ்களும் இத்தகைய அறிவிப்புகளை அனுப்புகின்றன.