சாட் வாராவும் செவிமடுக்கும் தொண்டும்

இங்கிலாந்தின் லிங்கன் நகரில் 1935ஆம் ஆண்டு 14 வயதுச் சிறுமி ஒருத்தியின் இறுதிச் சடங்கு நடந்தது. முதல் மாதவிடாய் வந்தபோது அது என்னவென்று அவளுக்குத் தெரியவில்லை. பால்வினை நோய் என்று அஞ்சித் தன் உயிரை மாய்த்துக்கொண்டாள். கூச்சப்படாமல் கேட்க ஒருவர் இருந்திருந்தால் ஐந்து நிமிடத்தில் தீர்ந்திருக்கக்கூடிய அச்சம் அது. சடங்கை நடத்தியவர் சாட் வாரா (1911–2007) என்ற இளம் பாதிரியார். அவர் நடத்திய முதல் இறுதிச் சடங்கும் அதுவே.

அதன்பின் வாரா இளைஞர்களுக்குப் பாலியல் பற்றி வெளிப்படையாகக் கற்பிக்கலானார். ஒரு பாதிரியார் இதைப் பேசலாமா என்ற பழிச்சொல்லையும் கேட்டார்.

1953 நவம்பர் 2 அன்று, லண்டனின் செயின்ட் ஸ்டீபன் வால்புரூக் தேவாலயத்தில், தற்கொலை எண்ணத்தோடு தவிப்பவர்களுக்காகத் தொலைபேசி உதவியைத் தொடங்கினார். 'சமாரிட்டன்ஸ்' என்ற பெயர் செய்தித்தாள் வழியாக நிலைத்தது.

வாராவை நேரில் பார்க்க வந்தவர்கள் வெளியறையில் காத்திருப்பார்கள். தன்னார்வலர்கள் அவர்களுக்குத் தேநீர் கொடுத்துப் பேச்சுத்துணையாக இருந்தார்கள். அங்கேயே மனம்விட்டுப் பேசிவிட்ட பலர், வாராவைப் பார்க்காமலேயே ஆறுதல் அடைந்து திரும்பினர். தம் அறிவுரையைவிட அந்தத் தேநீரும் பொறுமையும் அதிகம் உதவுவதை வாரா கண்டார். 1954 பிப்ரவரியில் பேசக் கேட்கும் பணியைத் தன்னார்வலர்களிடமே ஒப்படைத்தார். ஆசிரியர்களாகிய எங்களுக்கு இது எளிதில் ஒப்பும் செய்தியன்று, பேசித்தானே பழக்கம்!

செவிமடுத்தல் வேறு, பேச்சுவழிச் சிகிச்சை வேறு. பின்னதைப் பயிற்சி பெற்ற உளவியலாளர் குறிப்பிட்ட அமர்வுகளில் முறைப்படி அளிப்பார். அமெரிக்க மனநல மருத்துவர் ஆரோன் பெக் 1960களில் உருவாக்கிய அறிவாற்றல் சிகிச்சை அத்தகையது. 'தேர்வில் தோற்றால் வாழ்க்கையே போயிற்று' என்று நினைக்கும் மாணவரோடு சேர்ந்து, அந்த எண்ணத்துக்கு ஆதாரம் உண்டா என்று ஆராய்வார்கள். பதின்பருவத்தினரின் மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் இவ்வழி வந்த சிகிச்சைகள் இன்று பெரிதும் பயன்படுகின்றன. நோய் கடுமையானால் மருந்தும் தேவைப்படலாம்.

சென்னையில் மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார் 1986இல் 'சினேகா' அமைப்பைத் தொடங்கினார். அங்கும் தன்னார்வலர்களே பேசக் கேட்கிறார்கள். தேர்வில் தோற்றவர் ஓராண்டு காத்திராமல் விரைவில் மறுதேர்வு எழுத வாய்ப்பு வேண்டும் என்றும் அவர் வலியுறுத்தினார். தமிழ்நாட்டில் அது நடைமுறைக்கு வந்தது. காது கொடுப்பதோடு நில்லாமல், கேட்ட துயரத்தின் காரணத்தையே குறைத்த செயல் இது.

இந்திய அரசு 2022இல் தொடங்கிய 'டெலி மானஸ்' சேவையை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம்.